பிடியரிசிச் சாடி

எச்சில் கையால் காகம் விரட்டாதவள் என்று மக்டலீனைப் பற்றி ஒழுங்கையில் ஒரு பேச்சு இருந்தது. பேச்சு முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவளைக் கசவாரம் என்று சொன்னால் அது அநியாயம். கசவாரம் தானும் தின்னாது, பிறருக்கும் கொடாது. மக்டலீன் கொடுப்பாள். எப்போது, யாருக்கு, எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பாள். தீர்மானித்ததைக் கடவுளே வாசலில் வந்து நின்று கேட்டாலும் மாற்றமாட்டாள்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குள் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் ஒழுங்காக வருவது நின்று இரண்டு வருசமாகியிருந்தது. சிக்கனம் என்றால் என்னவென்று ஊரே அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாடத்தில் மக்டலீன் ஏற்கெனவே வாத்தியார். ஜாம் போத்தலுக்குள் ஒரு விரற்கடை எண்ணெய் விட்டு, திரியை நூலளவாக மெலித்து, ஒரு கிழமை விளக்கெரிப்பாள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் சீலை தோய்ப்பாள். தேத்தண்ணிக்கு ஒரே பனங்கட்டித் துண்டைத்தான் வீட்டிலுள்ள நாலு பேரும் மாறி மாறிக் கடிக்க வேண்டும். கடித்த இடம் பெரிதாக இருந்தால் யாருடைய பல் என்று விசாரணை நடக்கும்.

"இவள் மூச்சு விட்டாலும் பாதியை மடியிலை முடிஞ்சு வைப்பாள்" என்பான் அவள் புருசன் நீக்கிலாப்பிள்ளை. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவளுக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்கும்.

இப்படிப்பட்டவளிடம்தான் பிடியரிசிச் சாடி இருந்தது.

குருநகரில் அவர்களுடைய ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள். எல்லாம் கடற்றொழில் வீடுகள். தொண்ணூறில் சண்டைக்கு ஓடி, அகதியாக அலைந்து திரும்பி வந்தபோது ஒரு வீட்டிலும் அடுத்த வேளைக்கென்று எதுவும் இருக்கவில்லை. அப்போதுதான் மக்டலீன் இந்த வழக்கத்தைத் தொடக்கினாள். சோறு சமைக்கிற நாளில் உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் கொண்டுவந்து பொதுச் சாடியில் கொட்ட வேண்டும். ஒரு பிடியால் யாருக்கும் பசி கூடிவிடாது, இருபத்திரண்டு பிடி சேர்ந்தால் ஒரு வீடு எழும்பும் என்றாள். பெண்கள் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது. யாருடைய பிடி பெரிது, யாருடைய பிடி சிறிது என்று பகிடியும் கூடவே வந்தது. கித்தேரியம்மாவின் கை தோணி வலிக்கிற சவள் மாதிரி அகலம். ஆனால் பிடியரிசி எடுக்கும்போது மட்டும் அது குழந்தைக் கையாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாடியைக் கொடுத்தவன் யாகோப்பு. மக்டலீன் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுக்காரன், முப்பது வயது, சும்மா இருக்கத் தெரியாதவன். அவனுடைய பாட்டன் நாகபட்டினத்துக்கு வத்தைத் தோணி ஓட்டிய காலத்தில் கொண்டுவந்த சாடி அது. இடுப்பளவு உயரம், தேன் நிறத்து மினுக்கு, நெருக்கமான கழுத்து. "எங்கடை வீட்டிலை நாங்கள் படுக்கவே இடமில்லை, இது ஒரு ஆள் மாதிரி நிக்குது. நீங்களே வைச்சிருங்கோ அக்கா" என்று சொல்லி, ஒழுங்கை வழியே உருட்டிக்கொண்டு வந்து அவளுடைய அறை மூலையில் நிறுத்தினான். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு, வாயைத் துணியால் மூடி, வலைநூலால் கட்டுவார்கள். மக்டலீன், லூர்த்தம்மா, கித்தேரியம்மா என்ற மூன்று பேரும் கூடி நின்றால்தான் கட்டு அவிழும்.

எதற்கு அவிழும் என்பதற்கும் சட்டம் இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொத்துப் பேணியால் அளந்து ஐந்து கொத்து. ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்தால் ஐந்து கொத்து. செத்தவீட்டுக்குப் பத்துக் கொத்து. வேறெதற்கும் இல்லை. முக்கியமாக, கடலில் மீன் படவில்லை என்பதற்கு இல்லை. இந்தக் கடைசிச் சட்டம் மக்டலீனின் சொந்த மூளை. கடற்கரையில் பிறந்தவளுக்குத்தான் அது தோன்றும். சாவும் பிறப்பும் ஒரு வீட்டுக்குத்தான் வரும், மற்ற இருபத்தொரு வீடும் தாங்கலாம். கடல் பொய்த்தால் இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில்தான் பொய்க்கும். அன்றைக்குச் சாடியைத் திறந்தால் ஒரு வேளையில் அடி தெரியும். அடுத்த நாள் ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் வெறுஞ்சாடிதான் நிற்கும். பங்குச் சுவாமியே இதைக் கேட்டு அசந்துபோனார். வங்கிக்காரர்கூட இப்படி யோசிக்கமாட்டார்கள் என்றார்.

அந்தச் சொல்தான் பிறகு வினையாக முடிந்தது. ஆனி மாதத் தொடக்கத்தில் சுவாமி வந்து சாடியைத் தட்டிப் பார்த்தார். "ஆடித் திருநாளுக்கு மற்ற வட்டாரத்துப் பொம்பிளையளையும் கூட்டிக்கொண்டு வாறன். கழுத்துமட்டும் நிரப்பி வையுங்கோ மகள். கண்ணாலை கண்டால்தான் சனம் நம்பும்" என்றார். இரண்டு வருசத்தில் சாடி ஒருநாளும் கழுத்தைத் தொட்டதில்லை. பாதிக்கு வரும், ஒரு பிறப்போ சாவோ வந்து இறங்கும். அந்த ஆனியில் அதிசயமாக ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. கழுத்துக்கு நாலு விரற்கடைதான் குறைவு. மக்டலீன் தினமும் விடிந்ததும் துணிக்கு மேலால் தடவிப் பார்ப்பாள்.

தனித்தனியாக ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை, எல்லாருக்கும் சேர்த்து ஒன்று வந்திருந்தது. கடலில் ஒருவரும் இறங்கக்கூடாது என்று இராணுவம் அறிவித்து மூன்று கிழமை. கரையோடு ஊன்றிய வலைத்தடிகளைத் தாண்டினால் அக்கரைக் காவலரணிலிருந்து சூடு விழும். தடிக்கு இங்கால் முழங்கால் தண்ணீரில் கிடைக்கிற நண்டையும் திரளி மீனையும் இருபத்திரண்டு வீடும் பங்கு போட்டால் பூனைக்கும் போதாது. வீட்டிலிருந்த கருவாட்டை நீர்வேலிக்குக் கொண்டுபோய் வாழைக்காய்க்கும் மரவள்ளிக்கும் மாறி வந்தார்கள். கருவாடும் முடிந்தது.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் யாகோப்பின் பெண்சாதி ஸ்ரெல்லா வந்தாள். உள்ளே வந்து இருக்கவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ரெண்டு கொத்து அரிசி வேணும்."

"ஆருக்கு என்ன? ஆஸ்பத்திரியே?" என்று மக்டலீன் பதறித்தான் கேட்டாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ரெண்டு நாளா ஒடியல் மாவைத்தான் அவிச்சுக் குடுக்கிறன். பிள்ளையள் எதையும் தின்னுங்கள், அதுக்கில்லை. இந்த மனுசன்தான். பிள்ளையளின்ரை கோப்பையைப் பாத்துப் பாத்து, நாளைக்கு விடியத் தடிக்கு அங்காலை போறன் எண்டு வலையை எடுத்து வைச்சிட்டார். சோறு இருந்தா நிப்பார் அக்கா. எனக்கு அந்த ஆளைத் தெரியும். ரெண்டு நாள் நிண்டாரெண்டால் போதும், பிறகு கோபம் இறங்கியிடும்."

மக்டலீன் சுளகைக் கீழே வைத்தாள். அவள் குரல் கடுமையாக வரவில்லை. சட்டம் சொல்லும்போது அவள் குரல் எப்போதும் தேன்தான்.

"உனக்குத் தெரியாத சட்டமே பிள்ளை. கடல் படாததுக்குச் சாடி திறக்கிறேல்லை. உனக்குத் தந்தால் மற்ற இருபத்தொரு வீட்டுக்கும் நான் என்ன சொல்லுறது?"

ஸ்ரெல்லா கதவுநிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் போட்ட பிடியை மட்டும் எண்டாலும் தாங்கோவன். ரெண்டு வருசமா ஒரு நாளும் தவற விடேல்லை."

"போட்ட பிடியிலை பேர் எழுதிக் கிடக்கே?"

சொன்னது இவ்வளவுதான். ஸ்ரெல்லா "சரி அக்கா" என்றாள். மக்டலீன் முற்றத்து முருங்கையில் ஒரு கொப்பை முறித்து, "இதையெண்டாலும் சுண்டிக் குடு" என்று கையில் வைத்தாள். ஸ்ரெல்லா வாங்கிக்கொண்டு போனாள்.

பேர் எழுதியிருக்கவில்லைதான். ஆனால் ஸ்ரெல்லாவின் அரிசி யாருக்கும் தெரியும். யாகோப்பு சுன்னாகத்துக் கமக்காரன் ஒருவனுக்கு மீன் கொடுத்து மாறுகிற சிவப்புப் பச்சையரிசி அது. நிவாரணத்து வெள்ளை அரிசிக்குள் கிடந்து கண்ணில் குத்தும். மக்டலீனுக்கு அது நன்றாகத் தெரியும். இன்னொன்றும் தெரியும். மூன்று பேர் கூடினால் சட்டத்தைத் தளர்த்தலாம். லூர்த்தம்மாவைக் கூப்பிட ஒரு சத்தம் போட்டால் போதும். அவள் கூப்பிடவில்லை. ஸ்ரெல்லா "ரெண்டு கொத்து" என்ற அந்த நொடியில் மக்டலீன் மனதுக்குள் அளந்தாள். இரண்டு கொத்து எடுத்தால் சாடி இரண்டு விரற்கடை இறங்கும். நாலு ஆறாகும். திருநாளுக்கு முன்னம் கழுத்தைத் தொடாது. அதுதான் முதலில் வந்தது. சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. எது முதலில் வந்தது என்பதைத்தான் அவளால் பிறகு ஒருநாளும் மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்து ஆறரை மணியிருக்கும். தண்ணீரின் மேல் இரண்டு வெடி கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு யாகோப்பை அவனுடைய வள்ளத்திலேயே இழுத்துக்கொண்டு வந்தார்கள். வள்ளத்துக்குள் மூன்று பாரைக் குட்டிகள் கிடந்தன. வலை போட்டு, மீனும் பட்டு, திரும்பி வருகிற வழியில்தான் நடந்திருக்கிறது.

பத்து மணிக்கு லூர்த்தம்மாவும் கித்தேரியம்மாவும் மக்டலீன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"சாடியைத் திறவுங்கோ. செத்தவீடு."

ஆம், சட்டப்படி இப்போது பத்துக் கொத்து. நேற்று இரண்டு கொத்துக்கு உரிமை இல்லாத வீட்டுக்கு, இன்றைக்குப் பத்துக் கொத்துக்கு உரிமை வந்துவிட்டது. மக்டலீன் வலைநூல் முடிச்சில் விரலை வைத்தாள், முடிச்சு அவிழவில்லை. கித்தேரியம்மாதான் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கொத்துப் பேணி உள்ளே போய் வந்தபோதெல்லாம் வெள்ளைக்கு நடுவே சிவப்பு அரிசி வந்தது. ஒவ்வொரு கொத்திலும் வந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்தாள், ஆனால் கண் எண்ணியது.

செத்தவீட்டில் அரிசிச் சாக்கை இறக்கியபோது பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு மக்டலீனைப் பார்த்தார்கள். "இந்தச் சாடி இல்லாட்டி இண்டைக்கு இந்த வீட்டிலை என்ன நடந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. "எல்லாம் மக்டலீன்ரை கெட்டித்தனம்" என்றாள் இன்னொருத்தி. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்ரெல்லா தலையை நிமிர்த்தி, சாக்கைப் பார்த்தாள். பிறகு மக்டலீனைப் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று மக்டலீன் நினைத்தாள். ஸ்ரெல்லா மறுபடி பெட்டிப் பக்கம் திரும்பினாள். அடுப்படி மூலையில் முதல் நாள் முருங்கைக் கொப்பு இலையுருவப்படாமல் வாடிக் கிடந்தது.

அன்று தொடங்கியது மக்டலீனின் சீவியம் அழுகிய கதை. சேமக்காலையில் மண் போட்டுவிட்டு வந்த பின்னேரம் முதல் அவள் ஒரு காத்திருப்பில் இருந்தாள். ஸ்ரெல்லா யாரிடமாவது சொல்லுவாள். கிணற்றடியில் சொல்லுவாள், கோயில் வாசலில் சொல்லுவாள். பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து கதைத்தால் தன்னைப் பற்றித்தான் என்று மக்டலீன் காதைத் தீட்டினாள். ஒழுங்கையோ அவளைத் தலையில் தூக்கி வைத்தது. சாவு கண்ட பயத்தில் எல்லாரும் பிடியைப் பெரிதாக்கினார்கள். கித்தேரியம்மாவின் கைகூட ஒரு சுற்று விரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் "அக்கா, உங்கடை புண்ணியம்" என்று சொல்லிச் சொல்லிக் கொட்டினார்கள். குற்றம் செய்தவளுக்கு ஏச்சு விழுந்தால் பாதி பாரம் இறங்கும். புகழ்ச்சி விழுந்தால் அது எங்கே போய் இறங்கும்? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உலை வைக்கும்போது பிடியரிசி எடுக்கக் கையை விடுவாள், கை அப்படியே நிற்கும். பனங்கட்டியில் யாருடைய பல் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். நீக்கிலாப்பிள்ளைக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. "என்னப்பா, சுகமில்லையே?" என்று இரண்டு தரம் கேட்டான். அவனிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமியின் இருமல் கேட்டது.

"சுவாமி, யாகோப்பு போறதுக்கு முதல் நாள் பெண்சாதி வந்து ரெண்டு கொத்து அரிசி கேட்டவள். நான் இல்லையெண்டனான்."

சுவாமி கொஞ்சம் யோசித்தார். "கடல் படாததுக்குக் குடுக்கிறேல்லை எண்டது நீங்கள் எல்லாரும் சேந்து வைச்ச சட்டம்தானே?"

"ஓம் சுவாமி."

"அப்ப நீர் சட்டத்தைக் காப்பாத்தியிருக்கிறீர். பொதுப் பொருளைக் காக்கிறவைக்கு இப்பிடி மனவருத்தம் வரும். இதிலை பாவம் இல்லை மகள். யாகோப்பை எனக்குச் சின்னனிலையிருந்து தெரியும். அவன் நினைச்சால் நினைச்சதுதான். நீர் குடுத்திருந்தாலும் அவன் போயிருப்பான்."

நாலு விரற்கடைக் கதையை அவள் சொல்ல வாயெடுத்தாள். திருநாளுக்கு நிரப்பச் சொன்ன மனுசனிடமே, உங்களுக்குக் காட்டத்தான் சுவாமி, என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். பாவம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டபடியால் தண்டனை செபமும் கிடைக்கவில்லை. ஒரு அருள்நிறை மந்திரமாவது சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

ஆனாலும் வெறுங்கையோடு வரவில்லை. குடுத்திருந்தாலும் போயிருப்பான். அந்த ஒரு வசனத்தை அவள் பனங்கட்டி மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் ஸ்ரெல்லாவின் முதுகைக் கண்டால் ஒரு கடி. ஞாயிறு சாடி திறக்கும்போது ஒரு கடி. ஆம்பிளையள் அப்படித்தான், பசியைவிட ரோசம் பெரிது, சோறு இருந்தாலும் போயிருப்பான், இரண்டு கொத்தா அவனைக் கட்டிப்போட்டிருக்கும்? யாகோப்பு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று ஊரே சொல்லும். அவன் விதி. இந்தச் சிக்கனத்தில்தான் அவள் யாகோப்பின் முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் வந்து சேர்ந்தாள்.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு பின்னேரம், கதவுநிலையில் ஸ்ரெல்லா நின்றாள். கறுத்தச் சீலை. கையில் ஒரு சின்னப் பேணி.

"என்ன பிள்ளை, உள்ளுக்கு வாவன்" என்றாள் மக்டலீன்.

"இந்த மாசத்துப் பிடி" என்று பேணியை நீட்டினாள் ஸ்ரெல்லா. அடியில் கொஞ்சம் அரிசி கிடந்தது. எல்லாம் வெள்ளை. சுன்னாகத்து அரிசி மாறிக் கொண்டுவர இப்போது ஆள் இல்லை.

"செத்தவீட்டிட்டை நாங்கள் பிடி கேக்கிறேல்லை."

"கேக்காட்டியும் போடோணும். சமைச்ச நாளெல்லாம் எடுத்து வைச்சனான்." அவள் பேணியை மக்டலீனின் கையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். "அக்கா, ரெண்டு கொத்து அரிசி வேணும்."

மக்டலீன் பேணியைக் கீழே வைத்தாள்.

"சட்டம் தெரியும். ஆஸ்பத்திரியும் இல்லை, பிறப்பும் இல்லை. எங்கடை சிமியோன் வந்து நிக்கிறான். என்ரை தம்பி. அத்தான் இல்லாத வீட்டை நான்தான் பாக்கோணும் எண்டு அவரின்ரை கிழிஞ்ச வலையைப் பொத்தி வைச்சிருக்கிறான். நாளைக்கு விடியத் தடிக்கு அங்காலை போகப்போறானாம். அழுது பாத்தன், கேக்கிறானில்லை." ஸ்ரெல்லாவின் முகத்தில் அழுகை இல்லை. சந்தையில் விலை சொல்வது போலத்தான் சொன்னாள். "சோறு இருந்தா நிப்பான்."

அதே சொல். நிப்பார் மட்டும் நிப்பான் ஆகியிருந்தது. சாடி மூலையில் நின்றது. சாவுக்கு எடுத்தது போக ஐந்து கிழமைப் பெரிய பிடிகளால் மறுபடியும் கழுத்துக்குக் கிட்ட வந்திருந்தது. மூன்று நாளில் சுவாமி வருவார். இந்த முறை அவள் விரற்கடை அளக்கவில்லை. வாசலுக்குப் போய் ஒழுங்கை முழுவதும் கேட்க, "லூர்த்தம்மா, கித்தேரியம்மா, ஓடி வாங்கோ" என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். மக்டலீன் சாடிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு?" என்றாள் லூர்த்தம்மா.

"ஸ்ரெல்லாவுக்கு. தம்பிக்காரன் கடலுக்குப் போகாமல் இருக்க."

"அது கடல் படாத கணக்கெல்லோ. உங்கடை சட்டப்படி..."

"ஓம். என்ரை சட்டம்தான்." மக்டலீன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாகோப்பு செத்ததுக்கு முதல் நாளும் இவள் வந்து இதே ரெண்டு கொத்தைக் கேட்டவள். இதையேதான் சொல்லிக் கேட்டவள். நான் உங்களைக் கூப்பிடேல்லை. சட்டத்துக்காக இல்லை. திருநாளுக்குச் சாடி குறைஞ்சு போயிடும் எண்டு."

கித்தேரியம்மாவின் கை வாய்க்குப் போனது. லூர்த்தம்மா ஸ்ரெல்லாவைப் பார்த்தாள். ஸ்ரெல்லா மறுக்கவுமில்லை, தலையாட்டவுமில்லை. கொத்துப் பேணி அரிசியில் உரசியது. மக்டலீன் இரண்டு கொத்தைக் குவித்து அளந்து ஸ்ரெல்லாவின் சீலைத் தலைப்பில் கொட்டினாள்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றாள்.

"அதை நான் யோசிக்கேல்லை அக்கா" என்றாள் ஸ்ரெல்லா. "இப்ப உலை வைக்கோணும்." போகத் திரும்பியவள் நின்று, தலைப்புக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துச் சாடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று ஒழுங்கையில் யாருக்கும் வேறு கதை இருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இருபத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளை கேள்விப்பட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் ஐந்து கிழமைக்குப் பிறகு அவளுக்கு அன்று கொஞ்சம் சோறு இறங்கியது. ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. மிச்சத்துக்குச் சுவாமி சொன்ன சொல் இருந்தது. குடுத்திருந்தாலும் போயிருப்பான்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக, தண்ணீர் அள்ளுகிற சாட்டில், வாளியோடு ஸ்ரெல்லா வீட்டு வேலியைக் கடந்து நடந்தாள். கிடுகு வேலியில் ஒரு இடம் பிரிந்து முற்றம் தெரிந்தது. கால் தானாக நின்றது.

முற்றத்தில் சிமியோன் இருந்தான். இருபது வயது, அத்தானைப் போலவே தோள், அத்தானைப் போலவே சும்மா இருக்கத் தெரியாத கை. முதல் நாள் பொத்தி வைத்த வலை கூரைக் கைமரத்தில் தூக்கிக் கட்டியிருந்தது. அவன் காலை நீட்டிக்கொண்டு, அக்காவின் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் இருத்தி, ஒரே கோப்பையில் பழஞ்சோற்றைப் பிசைந்து மூன்று பேருக்கும் உருட்டிக்கொண்டிருந்தான். சின்னவள் ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு கொத்து அரிசி அவனை நிறுத்தியிருந்தது.

மக்டலீன் வேலியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கிழமையாகக் கடித்துக் கடித்துச் சேமித்து வைத்திருந்த அந்த ஒரு வசனம் அவளிடம் இப்போது இல்லை. யாகோப்பும் நின்றிருப்பான்.